ஆங்கில வாக்கியத்தில் நாணயப் பெயர்

"பத்து ரூபா" என்றே தமிழர் கூறுவர். "பத்து ரூபாக்கள்" என்பாரிலர். அஃறிணைப் பெயர் 'கள்' ஈறு பெறாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்றல் தமிழின் இயல்பு. நன்னூலார் இத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என வகுத்தார். முன்னிற்கும் எண்ணே பன்மையை உணர்த்திவிடுதலின் ஈறு வேண்டப்படுவதில்லை. ஆங்கிலமோ எண் முன்னின்றபோதும் பன்மையீற்றை விடாது. ஆகவே அம்மொழியில் 'ரென் றூபீஸ்' என்பதே வழாநிலை. 'ரென் றூபீ' என்பது தமிழ் மரபை ஆங்கிலத்தில் ஏற்றியதனால் விளையும் வழு.

எனினும், அதே பெயர் பிறிதொரு பெயருக்கு அடையாய் வருமாயின் ஈறு ஒழியும். ஐந்து பவுண் என்னும் தொகை 'பைவ் பவுண்ட்ஸ்'. ஐந்து பவுண் பெறுமதியுள்ள தாள் 'பைவ் பவுண்ட் நோட்'. இங்கு எண்ணும் நாணயப் பெயரும் சிறு இணைகோட்டினாற் பிணைக்கப்பட்டு ஒருசொன்னீர்மை எய்துகின்றன. இக்கோட்டை அச்சுக்காரர் விருப்பத்துக்கு விடத்தக்க அற்பப் பொருளென மாணவர் பலர் கருதுவர். அது தவறு. இரண்டு, நூறு, ரூபா, தாள்கள் என்னும் பொருளுடைய நான்கு ஆங்கிலச் சொற்கள் இவ்வரிசையில் ஒரு பற்றுச்சீட்டில் நிற்கின்றன எனக் கொள்க. கோடு யாண்டுமின்றேல் ஒரு ரூபாத் தாள்கள் இருநூறு என்பது பொருள். நூறு என்பதற்கும் ரூபா என்பதற்கும் இடையே மட்டும் கோடு இடப்படின், நூறு ரூபாத் தாள்கள் இரண்டு என்பதாம். முதன் மூன்று சொற்களும் கோடுகளால் இணைக்கப்படின், பெறுவது இருநூறு ரூபாத் தாள்கள். அவை எத்துணை என்பது தெரியாது. 1998 இல் நாட்டின் சுதந்திரப் பொன்விழாவை முன்னிட்டு இருநூறு ரூபாத் தாளொன்று இலங்கையில் வெளியிடப்பட்டமையால், இம்மூன்றாம் பொருளும் வெறுங் கற்பனையன்று. முதலிரு பொருளிலும் தொகை ஒன்றாதல் தற்செயலே. மூன்றாவதில் தொகையே ஐயத்துக்கிடமாகின்றது. தமிழில் "நூறு ரூபாத் தாள் இரண்டு" என எண்ணைப் பின்னே வைத்து இம்மயக்கத்தை எளிதில் நீக்கலாம். அவ்வசதி ஆங்கிலத்துக்கு இல்லாமையால் அம்மொழி கோட்டினை நாடியது.

வினைமுடிபிலும் ஒரு நுட்பம் உண்டு. தொகையை ஒரு பொருளாகக் கருதுமிடத்துப் பெயர் பன்மையாயினும் வினை ஒருமையாகும். ஐம்பது ரூபா மிகையான விலை என்னும் கருத்தை ஆங்கிலேயர் 'இஸ்' என்னும் ஒருமை வினையாலேயே முடிப்பர். நாணயங்கள் தனித்தனியே தரையிற் சிதறிக் கிடந்தன எனக் கூறும்போது வினையும் பன்மையாகும்.

ஒரே பெயருக்கு இருவகைப் பன்மை அமைந்திருத்தலை ஆங்கிலப் 'பென்னி'யிற் காணலாம். தொகையைச் சுட்டுவது 'பென்ஸ்'. தனி நாணயங்களைச் சுட்டுவது 'பென்னீஸ்'. ஆறு பென்ஸ் விலையுள்ள பொருளுக்கு ஆறு பென்னீஸ் கொடுத்தலும் கூடும், வேறு நாணயத்தாற் கொடுத்தலும் கூடும். 1971 பெப்ரவரி 15 ஆம் நாள் பிரித்தானியா தசம முறைக்கு மாறியது. 240 பென்ஸ் கொண்டிருந்த பவுண் அன்றுமுதல் 100 பென்ஸ் உடையதாயிற்று. அதன்பின் ஒருமைக்கும் 'பென்ஸ்' என்றே வழங்குவோர் பெருகினர். இலக்கணம் பேணுவோர் இதனை இன்றும் ஏற்பதில்லை.

யப்பானிய 'யென்', சீன 'யுவான்', தாய்லாந்தின் 'பாத்' ஆகியன ஆங்கிலத்திலும் பன்மையீறு பெறா. அவை பிறந்த மொழிகளில் அத்தகைய பன்மையீறு கட்டாயமன்று என்பது காரணமாகக் கூறப்படும். இக்காரணம் முழுதும் நிறைவளிப்பதன்று. ரூபாவும் பிறமொழிச் சொல்லேயாயினும் நெடுங்கால உறவினால் ஆங்கில ஈற்றைப் பெற்றுவிட்டது. சுவீடிய 'குறோனா'வோ தன் நாட்டுப் பன்மையாகிய 'குறோனர்' என்பதனையே ஆங்கிலத்திலும் கொண்டு வருவதுண்டு. எனவே பழக்கமே ஈண்டு பேராட்சி புரிகின்றது எனல் பொருந்தும்.

நாணய முறைமையின் பெயரும் அதன் அலகின் பெயரும் வேறாதல் உண்டு. 'ஸ்ரேர்லிங்' முறைமையின் பெயர், 'பவுண்' அலகு. பத்துப் பவுண் ஸ்ரேர்லிங் என்னலாமன்றிப் பத்து ஸ்ரேர்லிங்குகள் என்னலாகாது. சீனத்தின் 'றென்மின்பி'யும் 'யுவானும்' இவ்வாறே தம்முள் வேறுபட்டன. இவ்வேறுபாட்டை மறந்து, றென்மின்பியையே அலகாக்கி எழுதும் செய்தித்தாள்கள் உள.

பெயர் சட்டத்தினால் விதிக்கப்படும்போது சிக்கல் பெருகும். 1995 இல் மத்றிட் நகரிற் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் பொது நாணயத்துக்கு 'யூரோ' எனப் பெயரிட்டனர். ஐரோப்பியச் சட்டங்களின் ஆங்கில வாசகங்களில் 'யூரோ', 'சென்ற்' ஆகிய இரண்டும் பன்மையிலும் ஈறின்றியே எழுதப்பட்டன. அயர்லாந்திற் பலர் அவ்வழக்கையே பேச்சிலும் கைக்கொண்டனர். ஏனைய ஆங்கிலம் பேசுவோர் இயல்பாகவே எஸ் ஈற்றைச் சேர்த்தனர். தம் மொழியின் எழுத்திலக்கணம் சட்டத்தாற் பாதிக்கப்படலாகாதென லற்வியா, ஹங்கேரி, மோல்ற்றா ஆகிய நாடுகள் 2007 இல் லிஸ்பன் உடன்படிக்கையோடு ஒரு பிரகடனமே இணைத்தன. ஒரு சிறு பெயருக்காக மூன்று அரசுகள் எழுத்திற் குரலெழுப்பியமை நோக்கற்பாலது.

இனி, எழுதும் முறை. நாணயப் பெயர்கள் ஆங்கிலத்திற் சிறிய எழுத்திலேயே தொடங்கும். அவற்றின் முன்வரும் நாட்டுப் பெயரே பெரிய எழுத்தைப் பெறும். ரூபாவின் ஆங்கிலச் சுருக்கக்குறி எண்ணுக்கு முன்னே நிற்கும். அதனை இட்டபின் எண்ணின் பின்னும் 'றூபீஸ்' என எழுதுதல் கூறியது கூறலாம். காசோலையில் மட்டும் வழக்கு மாறி, 'றூபீஸ்' என்னும் சொல் பெரிய எழுத்துடன் முதலில் வரும்; தொகை எழுத்தில் அதனைத் தொடரும்; இறுதியில் 'மாத்திரம்' என்னும் பொருளுடைய 'ஓன்லி' நிற்கும். பின்னர் எவரும் ஒரு சொல்லையேனும் சேர்த்துத் தொகையைப் பெருக்காவண்ணம் காப்பது அச்சொல்லின் தொழில்.