இலையுதிர் காலத்து ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டுதல்

டில்லியில் புரட்டாசி பிறந்த பின்னும் மின்விசிறி ஓய்வதில்லை. பகல் வெப்பம் 34 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தப் புழுக்கத்தில் பெட்டிக் கட்டிலின் பலகையைத் தூக்கி, அந்துருண்டை மணக்கும் கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது வேடிக்கையான காட்சிதான். 2023 ஆம் ஆண்டில் நாங்கள் அதைச் செய்தோம். எழுபது வயதைக் கடந்த அன்னையாருக்கு வியன்னாவையும் பிராக் நகரையும் காட்டிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மேலும் ஓர் ஆண்டு தள்ளிப்போட அவருடைய முழங்கால் இடம் கொடாது என்று தோன்றியது.

நாள் குறிப்பதில் தொடங்கியது சிக்கல். கொலுவை விட்டுவிட்டு வர அவர் இசையவில்லை. அவ்வாண்டு நவராத்திரி அக்டோபர் நடுவில் வந்ததால், செப்டம்பர் இறுதியில் புறப்பட்டு அதற்கு முன்பே திரும்புவதென்று முடிவாயிற்று.

அடுத்தது விசா. ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்த 29 நாடுகளுக்கும் ஒரே விசா போதும். இங்கிலாந்தும் அயர்லாந்தும் அதில் இல்லை. லண்டனையும் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் அதற்குத் தனி விசா பெறவேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டினிடமே விண்ணப்பிக்க வேண்டும். வியன்னாவில் நான்கு இரவு, பிராகில் மூன்று இரவு என்றால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே இதைச் செய்யலாம். 15 நாள் முன்பு வரை என்பது கடைசி எல்லை. கோடையில் கூட்டம் மிகும். எனவே சித்திரை, வைகாசியிலேயே முன்பதிவு செய்துகொள்வது நலம். சாணக்கியபுரி பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியம் இங்கே பயன்படாது. விண்ணப்பங்களைப் பெரும்பாலும் அதற்கென அமைந்த நிலையங்களே வாங்குகின்றன. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். முதியோருக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது உதவுமா என்பதைப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

இனிப் பெட்டி. டில்லித் தமிழராகிய நமக்கு ஒரு கர்வம் உண்டு. சென்னையிலுள்ள உறவினர் கம்பளிக்கு அலையும்போது, நமக்குத்தான் குளிர் பழக்கமாயிற்றே என்று இருந்துவிடுவோம். கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. வியன்னாவில் அப்போது பகலில் 20 டிகிரியும் விடியலில் 10 டிகிரியும் சுமாராக இருக்கும். டில்லியின் டிசம்பர் மாதத்திற்கு ஏறக்குறைய அதே அளவு. ஆனால் அந்தக் குளிர் வேறு. டில்லியில் வீட்டுக்குள் விறைப்போம். மாடி வெயிலுக்குப் போனால் உடல் தேறிவிடும். அங்கே நிலைமை தலைகீழ். வெளியே காற்றும் தூறலும்; ரயிலுக்குள்ளும் உணவகத்திற்குள்ளும் கதகதப்பு. கனத்த மேலங்கி ஒன்றை அணிந்தவர் உள்ளே வியர்த்து, வெளியே நனைவார். மெல்லிய உள்சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் நீர் புகாத இலேசான சட்டை என்று அடுக்கடுக்காக அணிந்தால் வேண்டும்போது கழற்றலாம். புடவை உடுத்துவோருக்குக் கம்பளிக் காற்சட்டை உள்ளே வெளித்தெரியாமல் அடங்கும்.

காலணியில்தான் பயணத்தின் பாதி அடங்கியிருக்கிறது. இரண்டு நகரங்களிலும் பழைய வீதிகள் கல் பாவியவை. பிராகின் கோட்டை குன்றின்மேல் இருக்கிறது. அன்னையாருக்கு ஆவணியிலேயே நாடா வைத்த காலணி வாங்கி, நாள்தோறும் காலையில் லோதி தோட்டத்தில் நடக்கச் செய்தோம். புடவையும் காலணியுமாக நடப்பதற்கு முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார். மூன்றாம் நாள் எங்களை முந்தினார்.

மருந்துகளை வாங்கிய உறையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. மின்செருகிக்கு ஒரு மாற்றி போதும், மின்னழுத்தம் நம்முடையதே.

உணவுப் பொட்டலத்தில் நாங்கள் ஏமாந்தோம். ஊரிலிருந்து வந்த நெய்யை அன்னையார் புட்டியில் அடைத்து, துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் வெளியாரின் பாற்பொருளும் இறைச்சியும் நுழையலாகாது என்ற விதியை முந்தின இரவுதான் படித்தோம். 2019 டிசம்பர் 14 முதல் பசுங்காய், கனி, கீரைகளுக்கும் பயிர்நலச் சான்று கட்டாயம். அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. அருச்சனைத் தட்டின் தேங்காய்க்கும் பழத்திற்கும் வழிவிட்டவர்கள் கறிவேப்பிலைக் கொத்தை ஏன் நிறுத்தினார்களோ! பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் ஆகியவை எங்களுடன் வந்தன. அடுப்புள்ள விடுதி அமர்த்தியிருந்ததால் சோறு வடித்துக்கொண்டோம். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அரிசியைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவும் திட்டமிட்ட நாங்கள் பிராகில் ஒரு பிழை செய்தோம். ஒரே நாளில் ஆறு இடங்களைத் தாளில் எழுதியிருந்தோம். மூன்றாவது இடத்தில், கோட்டைப் படிகளின் அடியில், அன்னையார் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்து நாங்களும் பக்கத்தில் அமர்ந்தோம். மஞ்சள் இலைகள் படியில் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் அவற்றையும் போவோர் வருவோரையும் பார்த்திருந்தோம். அன்று மாலை அவர், "இன்றைக்குத்தான் ஊரைப் பார்த்தேன்" என்றார்.

நெய்ப் புட்டி டில்லியிலேயே காத்திருந்தது. திரும்பிய இரவு, பெட்டியைத் திறக்கும் முன்பே, ரசம் வைக்கச் சொன்னார்.