தலையில் அடி... வாயில் வாடை!

"ஐயா, வல்லாரை லேகியம் குடுங்க. இவருக்கு எதுவுமே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது!"

திருவண்ணாமலை தேரடிப் பக்கம் இருக்கிற என் வைத்தியசாலைக்குக் கணவரைக் கூட்டி வந்த அம்மாள் சொன்னது இது. பூஜைச் சாமான் கடைக்காரர். நாலு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடி. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் பாக்கிச் சில்லறை மாறிப்போகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம்.

நாடி பார்க்கக் குனிந்தேன். மூக்கு சொல்லிவிட்டது!

"கொஞ்சம்தாங்க... தூக்கம் வர்றதுக்கு" என்று நெளிந்தார்.

அந்தக் 'கொஞ்சம்'தான் வினை. அடிபட்ட மூளை, சிதைந்த நரம்பு இணைப்புகளை மெல்ல மெல்லச் சீர்செய்து கொள்ளும். முதல் ஆறு மாதம் இந்த வேலை வேகமாக நடக்கும். அப்புறமும் ஒன்றிரண்டு வருஷம் நீளும். மது கெடுப்பது எதை? ஞாபகம், கவனம், நிதானம், நடை. அடி கெடுத்ததும் அதையேதானே! முன்பு நாலு ரவுண்டு தாங்கியவருக்கு இப்போது ஒன்றே தலைக்கேறும். குடியில் வரும் தூக்கமும் அரைகுறை. வலிப்பு வரலாம், தடுமாறி மறுபடி விழலாம். பல வருஷக் குடி என்றால் வைட்டமின் பி1 குறைந்து, அது தனியாக ஞாபகத்தைத் தின்னும்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். வல்லாரையின் அருமை தெரியாதவனல்ல. ஆனாலும் லேகியம் தரவில்லை. குடியை நிறுத்தச் சொன்னேன். அதையும் வீட்டிலேயே சட்டென்று செய்ய வேண்டாம் என்றேன். தினசரி நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், உளறல், வலிப்பு எல்லாம் வரும். ஆஸ்பத்திரி டாக்டரின் மேற்பார்வை அவசியம்.

விழுந்த ராத்திரியும் போதைதானாம். 'குடிச்சிட்டுக் கெடக்கான்' என்று விடியும்வரை விட்டிருக்கிறார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் இதே உளறல், வாந்தி, மயக்கம்தான் வரும். எது போதை, எது கசிவு என்று ஸ்கேன் பார்க்காமல் டாக்டர்களே தடுமாறுவார்கள். உங்கள் கண்ணெதிரே இப்படி யாராவது கிடந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள், 108-ஐ கூப்பிடுங்கள். எவ்வளவு குடித்தார் என்பதையும் கௌரவம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். கடை நோட்டை அவரே நீட்டினார். பக்கத்துக்குப் பத்துத் தப்பு இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

"இப்பவாச்சும் லேகியம் உண்டா?" என்றார் அம்மாள்.

வலிப்பு மாத்திரை எழுதிய டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.