பாட்டிக்கு எதற்கு ஊசி?

"தடுப்பூசி குழந்தைகளுக்கல்லவா? எழுபது வயதில் எனக்கு எதற்கு?" என்பார் ஸ்ரீரங்கத்துப் பாட்டி. "வேளைக்குச் சாப்பாடு, தினம் மிளகு ரசம், என்னை எந்த நோய் அண்டும்?" என்பார் திருச்சித் தாத்தா. சகோதரிகளே, சிரித்துவிடாதீர்கள்! பெரியவர்கள் கையை நீட்டுவதும் மடக்குவதும் இத்தகைய நம்பிக்கைகளைப் பொறுத்தே இருக்கிறது.

1950-களில் அமெரிக்காவில் காச நோயைக் கண்டறிய இலவச எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. ஆனாலும் பலர் வரவில்லை. காரணத்தை ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர்கள், மனிதர்கள் உள்ளுக்குள் நான்கு கணக்குப் போடுவதாகக் கண்டார்கள். நோய் எனக்கு வருமா? வந்தால் ஆபத்தா? தடுத்துக் கொள்வதால் பயன் உண்டா? அதில் தொல்லை என்ன?

நம் ஊர்க் கதையும் இதுதான். கொள்ளிடத்தைத் தாண்டினால் சமயபுரம். பக்தர்களுக்காக மாரியம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் தலம். பெரியம்மை கண்ட வீட்டில், "அம்மா வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை செருகிய காலம் ஒன்று இருந்தது. அம்மை குத்துகிறவர் வந்தால், தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். சமயபுரத்தில் கூட்டம் குறைந்துவிட்டதா? இல்லையே! பக்திக்கும் ஊசிக்கும் பகையில்லை.

கொரோனா காலத்தில் வேறு விதமான பயம். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக் கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ந் தேதி காலமானார். ஊசிதான் காரணம் என்று பலர் நடுங்கினார்கள். இருதய ரத்தக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததை டாக்டர்கள் கண்டிருந்தார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் குழு பின்னால் தெரிவித்தது. ஆனால் பயம் போன வேகத்தில் விளக்கம் போகவில்லை!

அதே வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் நடந்தன. ஊசி போட்டால் மாமிசம் சாப்பிடக் கூடாது என்று நம்பியவர்கள், ஞாயிறு விருந்தை இழப்பானேன் என்று ஒதுங்கினார்கள். மாமிசத்துக்குத் தடையே இல்லை. ஆயினும் அதிகாரிகள் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. அக்டோபர் 23-ந் தேதி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். சமர்த்தான யோசனை அல்லவா?

இந்தச் சமர்த்து நம் வீட்டிலும் வேண்டும். பாட்டியிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். நாலு கணக்கில் எது இடிக்கிறது என்று கேளுங்கள். "எனக்கு வராது" என்றால், வயதும் சர்க்கரை வியாதியும் நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். "ஜுரம் வருமே" என்றால், பெரும்பாலும் ஓரிரு நாள் கைவலியும் லேசான ஜுரமும்தான் என்று தைரியம் கூறுங்கள். "சின்ன வயதிலேயே போட்டாயிற்றே" என்றால், டெட்டனஸ் ஊசியின் பலம் காலப்போக்கில் குறைவதால் பத்து வருஷத்துக்கு ஒரு முறை தேவை என்பதையும், இன்ஃபுளூயன்ஸா கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் ஊசி உண்டு என்பதையும் விளக்குங்கள்.

யாருக்கு எது தேவை என்பதைக் குடும்ப டாக்டர் சொல்வார். அவரிடம் பாட்டியை அழைத்துப் போகும்போது, உங்களுக்கு என்ன ஊசி பாக்கி என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!