இருபத்தோரு இலக்கமும் மூன்று வருட ஞாயிறுகளும்

சதுரங்கக் கட்டங்களில் தானிய மணியை இரட்டித்துக்கொண்டே போன கதை எல்லாருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு. பலகையில் 64 கட்டங்களுக்குப் பதில் 67 இருந்தால் மொத்தம் 14,75,73,95,25,89,67,64,12,927 மணிகள் வேண்டும். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 21 இலக்க எண் இது.

1644இல் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876இல் எதுவார் லூக்கா அது தவறு, இது பகு எண்தான் என்று காட்டினார். ஆனால் இதை வகுக்கும் காரணி ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை!

காரணி தெரியாமலே எப்படித் தீர்ப்புச் சொல்வது? லூக்கா தொடங்கி, பின்னாளில் லெமர் எளிதாக்கிய சோதனையைச் சிறிய எண்ணில் செய்து பார்க்கலாம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இப்போது 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழிக்க வேண்டும்: 14. மறுபடியும் அதேபோல்: 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கத்தில் 2ஐக் கழித்தால் 62. அது 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே 31 பகா எண். நமது எண்ணுக்கு இதை 65 முறை செய்தால், கடைசியில் மீதி பூஜ்யம் ஆவதில்லை. அவ்வளவுதான், குட்டு உடைந்துவிடும்.

காரணிகள் வெளிவந்தது 1903 அக்டோபர் 31 அன்று, நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில். பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய் 67 இரண்டுகளின் பெருக்கலைப் போட்டு, ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 19,37,07,721 என்ற எண்ணை 7,61,83,82,57,287ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே. அவர் வாய் திறக்கவே இல்லை, அரங்கம் கைதட்டியது என்று எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதினார். கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று பெல் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

அந்த ஞாயிறுகளில் கண்ணை மூடிக்கொண்டு வகுத்திருக்க முடியாது. இந்த எண்ணின் காரணி எதுவானாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 134ஆல் வகுபட வேண்டும். எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இந்த இரண்டாம் விதி, முதல் விதியில் தேறியவற்றில் சரிபாதியைத் தள்ளிவிடும். அப்படியும் மிஞ்சுவது மலை. 134இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால், 19,37,07,721 அந்த வரிசையில் 14,45,580ஆவது இடத்தில் நிற்கிறது. பாதியைத் தள்ளினாலும், 21 இலக்க எண்ணைக் கையால் ஏழு லட்சம் முறை வகுக்க வேண்டும். அதனால் கோல், வர்க்க எண்களை வகுக்கும்போது கிடைக்கும் மீதிகளைச் சல்லடையாக்கி மேலும் மேலும் சலித்தார்.

கடைசியில் சல்லடையில் தங்கியது அந்த ஒன்பது இலக்க எண்.