எட்டு பிக்சல் அகலத்தில் ஓடியவன்

1982-ல் அட்டாரி 2600 கருவிக்காக டேவிட் கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' விளையாட்டில், காட்டுக்குள் ஓடும் ஹாரியின் அகலம் எட்டே பிக்சல். அந்தக் கருவியின் நினைவகம் 128 பைட். காடு, குழி, முதலை, ஏணி, ஒலி என்று விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டும். ஒரு வரிக்கு எட்டு பிக்சல், அதாவது ஒரு பைட். ஹாரியின் உயரம் இருபது வரிக்குச் சற்று மேல். ஆக, ஓட்டத்தின் ஒரு நிலையை வரைய இருபத்துச் சொச்சம் பைட் போதும். போதும் என்பது இன்றைய பார்வை. அன்று அந்த இருபத்துச் சொச்சம் பைட்டை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

கிரேன் முதலில் செய்தது காட்டை அல்ல, ஓட்டத்தை. 1979-லேயே ஓடும் மனிதன் ஒருவனை உருவாக்கிக் கையில் வைத்திருந்தார். அவனை எங்கே ஓடவிடுவது என்பதுதான் நெடுநாள் அமையவில்லை. பிறகு ஒரு நாள், வெற்றுத் தாளில் அவனை வரைந்து, ஓட ஒரு பாதை, பாதையைச் சுற்றி ஒரு காடு, காட்டில் சில இடர்கள் என்று பத்து நிமிடத்தில் விளையாட்டின் வடிவம் பிடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நிரலாக எழுத ஆயிரம் மணி நேரம் ஆயிற்று. இன்று அதே ஓட்டத்தை வரைய உட்காரும் ஒருவரின் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருப்பது சாதாரணம். 128 பைட்டோடு ஒப்பிட்டால் ஆறரைக் கோடி மடங்குக்கும் மேல்.

ஆனால் ஓட்டம் மாறவில்லை. நடையில் எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும் கணம் ஒன்று உண்டு. பாய்ந்தோடும் குதிரைக்கும் அப்படி ஒரு கணம் உண்டு என்பதை 1878-ல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்தி நிரூபித்தார். 1887-ல் அவர் வெளியிட்ட 'அனிமல் லோகோமோஷன்' தொகுப்பின் 781 படத் தாள்களில் ஓடும் மனிதர்களும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அனிமேஷன் கலைஞர்கள் பார்த்துப் பயின்ற படங்கள் அவை. பாதம் தரையைத் தொடுவது, எடை இறங்கி முழங்கால் மடங்குவது, கால்கள் ஒன்றையொன்று கடப்பது, தரையை உந்தி எழுவது என ஓட்டத்துக்கு நான்கு முக்கிய நிலைகள். இரண்டு காலுக்கும் சேர்த்தால் எட்டு. இன்று பிக்சல் ஓவியம் கற்பவர்கள் முதலில் வரைந்து பழகுவது பெரும்பாலும் இந்த எட்டு ஃபிரேம்களைத்தான்.

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மாரியோ ஓடுவது மூன்றே ஃபிரேம்களில். இடது காலும் வலது காலும் அந்த அளவில் வேறுபாடு தெரியாதவை என்பதால் எட்டு நான்காகச் சுருங்கியது. நான்கிலும் ஒன்று கழிந்தது. விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். மாரியோவுக்கு மூன்று நிறம். எட்டுக்கு எட்டு பிக்சல் துண்டுகளை ஒட்டித்தான் உருவம். சிறிய மாரியோவுக்கு நான்கு துண்டு, பெரியவனுக்கு எட்டு. சிறியவனின் ஓட்டத்தில் ஒரே துண்டு இரண்டு ஃபிரேம்களில் வேலை செய்கிறது. இடப்பக்கம் ஓடுபவனைத் தனியாக வரையவில்லை. வலப்பக்கம் ஓடுபவனைக் கருவியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொண்டது. மெதுவாகப் போவதற்கும் வேகமாக ஓடுவதற்கும் வேறு வேறு படமும் இல்லை. அதே மூன்று ஃபிரேம்கள், வேகம் கூடக்கூட விரைவாகச் சுழலும். திசை மாற்றும்போது வழுக்கி நிற்பதற்கு ஒரே ஒரு ஃபிரேம். அந்த ஒன்றில் உடலின் பாரம் முழுவதும் தெரியும். எதை விடலாம் என்று இத்தனை துல்லியமாக அறிந்தவர்களின் வேலையாகவே இதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மாரியோவின் தொப்பியும் இதே கணக்கில் பிறந்ததுதான். 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டில் அவன் முதன்முதலாகத் தோன்றியபோது உயரம் 16 பிக்சல். ஓடும்போதும் குதிக்கும்போதும் தலைமுடி அசைய வேண்டும். அதை அசைக்க இடமில்லை. எனவே அவனை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ தொப்பி போட்டார். வாய் வரைய இடமில்லாததால் மீசை. கை வீசுவது சட்டையோடு கலந்துவிடாமல் தெரிய, தோளோடு சேர்ந்த கால்சட்டை. உலகமே அறிந்த ஒரு முகம், வரைய முடியாதவற்றை மறைத்ததால் கிடைத்தது.

இதை 2018-ல் வந்த 'செலஸ்டே'வோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதன் நாயகி மேட்லினின் தலைமுடிதான் அவள் உருவத்திலேயே அதிகம் அசைவது. அது ஃபிரேம் ஃபிரேமாக வரையப்பட்டதல்ல; ஒன்றன்பின் ஒன்றாக இழுபடும் சிறு வட்டங்களாக நிரலே அதை நகர்த்துகிறது. முடி சிவப்பாக இருந்தால் அவளால் காற்றில் ஒருமுறை பாய முடியும். நீலமானால் பாய்ச்சல் தீர்ந்தது என்று பொருள். அன்று தொப்பிக்குள் ஒளிக்கப்பட்ட முடி, இன்று ஆடுபவருக்கு அடுத்த நொடியைச் சொல்லும் குறியாகிவிட்டது. முப்பத்தேழு ஆண்டுகளில் இந்தக் கலை கண்ட லாபத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான உடலின் ஓட்டத்தைக் கொண்டுவர அன்று பட்ட பாடு வேறு. 1985-ல் ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை அணிவித்து, ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி வீடியோவில் பதிவு செய்தார். அந்த நாடாவை டிவியில் ஓட்டி, நிறுத்தி நிறுத்தித் திரையைப் புகைப்படம் எடுத்தார். ஃபிலிமைக் கழுவி, பிரதி போட்டு, ஒவ்வொரு படத்திலும் உடலை மட்டும் கறுப்பு மையாலும் வெள்ளைப் பூச்சாலும் பிரித்தெடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, அதை மீண்டும் கேமரா வழியாக ஆப்பிள் II கணினிக்குள் ஏற்றினார். அதன்பிறகுதான் பிக்சல் பிக்சலாகத் திருத்தும் வேலை. அப்படி உருவான 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டு 1989-ல் வெளிவந்தது. இன்று ஒரு சாதாரணக் கைபேசியிலேயே மெதுவசைவுப் பதிவு எடுக்கலாம். நொடிக்கு 240 படம் பதியும் கைபேசிகளும் பரவலாகிவிட்டன. அன்று டிவி, புகைப்படக் கூடம், ஜெராக்ஸ் என்று கைமாறி வந்தது, இன்று ஒரு மாலையில் முடிகிறது.

அந்த இளவரசனின் ஓட்டம் இன்றும் மனித ஓட்டமாகத் தெரிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஓடத் தொடங்க அவனுக்குச் சில ஃபிரேம்கள், நிற்கவும் சில ஃபிரேம்கள் வேண்டும். விசையை அழுத்தியவுடன் அவன் கீழ்ப்படிவதில்லை. ஆடுபவர் முன்கூட்டியே நினைத்து அழுத்த வேண்டும். மாரியோ உடனே கேட்பான். ஃபிரேம் கூடினால் அழகு கூடும் என்ற எண்ணம் விளையாட்டில் எப்போதும் உண்மையல்ல என்பது அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்துவிட்டது.

கருவிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நின்டெண்டோவில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி உருவங்களைத் திட்டமிட்டார்கள். 1985-ல் அமிகா கணினிக்கு 'டீலக்ஸ் பெயின்ட்' என்ற ஓவிய மென்பொருள் வந்தது. திரையிலேயே வரையும் பழக்கம் பரவியது. டேவிட் கபெல்லோ 2001-ல் தொடங்கிய 'ஏஸ்ப்ரைட்' என்ற பிக்சல் ஓவிய மென்பொருள் இன்று பலரின் கையில் இருக்கிறது. முந்தைய ஃபிரேமும் பிந்தைய ஃபிரேமும் அடியில் மங்கலாகத் தெரிய, நடுவில் வரையலாம். ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி நொடி நிற்க வேண்டும் என்று தனித்தனியே குறிக்கலாம். வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் உருவம் ஓடும். தவறினால் ஒரு விசையில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

2018-ல் வந்த 'டெட் செல்ஸ்' இன்னும் ஒரு படி போனது. தொடக்கத்தில் ஒரே ஓவியர், எதிரிகளோ ஏராளம். எனவே முப்பரிமாண உருவம் ஒன்றைச் செய்து, அதை ஓடவைத்து, மிகச் சிறிய அளவில் விளிம்பு மழுங்காமல் படமாக எடுத்துக்கொண்டார்கள். ஆயுதம் மாறினால் எல்லா ஃபிரேம்களையும் திரும்ப வரைய வேண்டியதில்லை. நேரம் மிச்சமானது உண்மை. எந்தப் பிக்சல் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற முடிவில் ஒரு பங்கு கையிலிருந்து கணினிக்குப் போனதும் உண்மை.

இத்தனை லாபத்துக்கு நடுவே இழப்புகளும் உண்டு. முதலாவது திரை. அன்றைய ஓவியர்கள் பிக்சர் டியூப் டிவிக்காக வரைந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு நிறங்களை அது சற்றே குழைத்துக் காட்டும். கூர்மையான படி ஒரு வளைவாகத் தெரியும். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவியோடு இணைத்து மாரியோ ஆடியவர்கள் பார்த்தது அந்தக் குழைந்த உருவத்தைத்தான். இன்றைய தட்டைத் திரையில் அதே உருவம் வெறும் சதுரங்களாக நிற்கிறது. பழைய திரையின் கோடுகளைப் போலியாக வரவழைக்கும் வடிகட்டிகள் உண்டு. அவை நெருங்குகின்றன, அதுவாகிவிடுவதில்லை.

இரண்டாவது இழப்பு பெரியது. அன்று நினைவகமே கண்டிப்பான ஆசிரியராக இருந்தது. நான்காவது ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு எதிரியையோ ஒரு மேகத்தையோ விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் இருந்த மூன்றும் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டன. இன்று ஃபிரேமுக்கு விலை இல்லை. புதிதாக வரைபவர் பன்னிரண்டு வரைகிறார். பன்னிரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. உருவம் ஓடாமல் மிதக்கிறது. 16 பிக்சல் உயர உருவத்தில் உடலை ஒரு பிக்சல் இறக்கினால், 170 சென்டிமீட்டர் மனிதர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்வதற்குச் சமம். அந்த ஒரே பிக்சல்தான் எடையைத் தருகிறது. அது எந்த ஃபிரேமில் இறங்க வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது.

இதை உணர்ந்தவர்கள் தாங்களே எல்லை வகுத்துக்கொள்கிறார்கள். பைகோ-8 என்ற, மென்பொருளாக மட்டுமே இருக்கும் கற்பனை விளையாட்டுக் கருவியின் திரை 128-க்கு 128 பிக்சல், நிறம் பதினாறு, ஒரு உருவத் துண்டு எட்டுக்கு எட்டு. 2015-ல் மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் 'செலஸ்டே'யின் முதல் வடிவத்தை நான்கு நாளில் அதில்தான் செய்தார்கள். அங்கே மேட்லின் ஓடுவது நான்கு ஃபிரேம்களில். அவள் அகலமும் ஹாரியைப் போல எட்டே பிக்சல்.

ஓடும் உருவத்தை முதன்முதலாக வரையப் போகிறவர்கள் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. எட்டுக்கு எட்டு கட்டம், நான்கு ஃபிரேம், இரண்டு நிறம். கைபேசியில் ஒருவர் ஓடுவதைப் பதிவு செய்து, பாதம் தரையைத் தொடும் கணத்தை முதலில் வரையுங்கள். நான்கில் அது ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் ஐந்தாவதைச் சேருங்கள்.