கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கலாமா? சீலியாக் பரிசோதனை பற்றி ஒரு விளக்கம்

வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்த சகோதரர் ஒருவர், தன் 8 வயது மகனின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு நம்மிடம் வந்தார். பையனுக்கு நெடுநாளாக வயிறு உப்பல், அடிக்கடி பேதி. வகுப்பில் அவன்தான் குள்ளம். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 4 மாதமாக குபூஸ், பரோட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். பையன் நன்றாகத் தேறிவிட்டான். அதன் பிறகு, உறுதிப்படுத்திக்கொள்வோமே என்று ரத்தம் கொடுத்தால் முடிவு 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. "ஹஜ்ரத், நோய் இல்லையென்றுதானே அர்த்தம்? இனி எல்லாம் கொடுக்கலாம்தானே?" என்று கேட்டார்.

நாம் மருத்துவர் அல்ல. குடல் நோய் மருத்துவரிடம் போகச் சொன்னோம். ஆனால் அந்தத் தாள் நம்மை விடவில்லை. கேட்டும் படித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

சீலியாக் என்பது அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதனால்தான் குழந்தை வளர்வதில்லை. பெரியவர்களுக்கு எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் ரத்தசோகை தீர்வதில்லை. சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியாது. சோகை மட்டுமே அடையாளம்.

'அது வெள்ளைக்காரர்களின் நோய்' என்ற எண்ணம் தவறு. வட ஆப்பிரிக்காவின் சஹ்ராவி மக்களிடம் 1999-ல் வெளியான ஆய்வில், நூற்றில் 5 குழந்தைகளுக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. நம் நாட்டிலும் சப்பாத்தி உண்ணும் வட மாநிலங்களில் அதிகம், அரிசி உண்ணும் தெற்கில் மிகக் குறைவு. ஆனால் மூன்று வேளையும் குபூஸ் சாப்பிடும் நம் பிள்ளைகளை அரிசி உண்பவர்களின் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

இப்போது பரிசோதனைக்கு வருவோம். முதலில் எழுதித் தருவது 'டிடிஜி ஐஜிஏ'. குடலைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கிறது. குளூட்டன் உள்ளே போகப் போகத்தான் அந்தப் புரதம் உற்பத்தியாகும். கோதுமையை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து மறைந்துவிடும். ஆகவே அந்தச் சகோதரரின் தாளில் இருந்த 'நெகட்டிவ்' நோய் இல்லை என்று சொல்லவில்லை. பையன் கோதுமை சாப்பிடவில்லை என்று மட்டும்கூட அது சொல்லியிருக்கலாம். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது தினமும் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தம் கொடுக்க வெறும் வயிறு தேவையில்லை. அந்த 6 வாரம் ரமளானில் வந்தாலும் ஸஹரிலும் இஃப்தாரிலும் கோதுமை சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற புரத வகை உடலில் உற்பத்தியாவதில்லை. சீலியாக் உள்ளவர்களில் நூற்றில் 2, 3 பேர் இப்படிப்பட்டவர்கள். இல்லாத பொருளை எப்படி அளப்பது? சோதனை 'நெகட்டிவ்' என்றே காட்டும். அதனால்தான் 'மொத்த ஐஜிஏ' அளவையும் கூடவே பார்க்க வேண்டும். அது மிகக் குறைவாக இருந்தால் ஐஜிஜி வகைச் சோதனைகளுக்குப் போவார்கள். நம்மிடம் வந்த தாளில் இந்த வரியே இல்லை.

எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் வருகிறது. ஒரு ஆய்வகத்தில் 15 என்பது பாஸிட்டிவ், இன்னொன்றில் 15 இயல்பு. அலகும் வரம்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைப் போல அது எத்தனை மடங்கு என்று பாருங்கள். வரம்பைக் கொஞ்சமே தாண்டியிருந்தால் முதல் வகை நீரிழிவு, கல்லீரல் நோய் போன்றவற்றாலும் இருக்கலாம். குழந்தைகளுக்கு 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தில் 'ஈஎம்ஏ' சோதனையும் பாஸிட்டிவ் என்றால், குடலிலிருந்து சதை எடுக்காமலேயே நோயை உறுதிசெய்யலாம் என்று 2020-ல் வந்த ஐரோப்பிய குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. பெரியவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் எண்டோஸ்கோபியும் பயாப்ஸியும் செய்தே உறுதிசெய்கிறார்கள். அதுவரையிலும் கோதுமையை நிறுத்தக் கூடாது.

கோதுமையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு உதவும் சோதனை ஒன்று உண்டு. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுக்களைத் தேடும் சோதனை அது. சாப்பாடு மாறினாலும் இதன் முடிவு மாறாது. இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்று விட்டுவிடலாம். இருந்தால் நோய் என்று அர்த்தமல்ல; மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணு இருக்கும், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். 'நூறு உணவுகளுக்கு ஒரே சோதனை' என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அந்த ஐஜிஜி பட்டியல் சீலியாக்கைக் கண்டுபிடிக்காது. காசுக்குத்தான் கேடு.

இத்தனை சிரமம் எதற்கு, பையன் தேறிவிட்டானே, அப்படியே விட்டால் என்ன என்று அந்தத் தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சீலியாக் என்றால் வாழ்நாள் முழுதும் ரவை, சேமியா, ரஸ்க் மட்டுமல்ல, கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம்கூடக் கூடாது. விருந்துக்குப் போன இடத்தில் 'ஒரு வாய்தானே' என்று யாரும் ஊட்டிவிட முடியாது. உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லையென்றால் அந்தப் பாரம் பிள்ளைக்குத் தேவையே இல்லை.

அந்தச் சிறுவனுக்கு மரபணுச் சோதனையில் டிக்யூ2 இருந்தது. மொத்த ஐஜிஏ இயல்பாக இருந்தது. மருத்துவரின் மேற்பார்வையில் இப்போது தினமும் சப்பாத்தி சாப்பிடுகிறான், வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான். அடுத்த ரத்தம் எடுக்கும் நாளைத் தாய் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.