குழந்தை பேசவில்லையே! பிறகு என்ன ஆகும்?

குழந்தைக்கு 2 வயது ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை "அம்மா வா", "பால் தா" என்று மழலை பேசுகிறது. இதுவோ கையை நீட்டிக் காட்டுகிறது. கிடைக்காவிட்டால் அழுகிறது. தாய் கலங்குகிறாள்.

"உன் புருஷனும் 3 வயதில்தான் வாய் திறந்தான். எல்லாம் தானாக வரும்" என்கிறாள் மாமியார்.

மாமியார் சொல்வது சரியா? பாதி சரி. பாதி ஆபத்து!

அடம் அடங்கியது

2 வயதில் 50 சொற்கள்கூடப் பேசாத குழந்தை, இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தை, பேச்சில் பின்தங்கிய குழந்தை என்பார்கள் நிபுணர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே இது அதிகம்.

இவர்கள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இதை ஆராய்ந்தார்கள். 2 வயதுக் குழந்தைகளை 17 வயது வரை கவனித்தார்கள். முடிவு 2011-ம் ஆண்டு வெளிவந்தது.

பேசாத குழந்தைகள் 2 வயதில் அதிகம் அடம் பிடித்தன, ஒதுங்கியும் இருந்தன. நினைப்பதைச் சொல்ல முடியாத தவிப்பே காரணமாக இருக்கலாம். ஆனால் 5 வயதுக்குப் பின் நடத்தையில் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை!

சிறு குறை

அமெரிக்காவில் லெஸ்லி ரெஸ்கோர்லா என்ற பெண் அறிஞரும் இப்படி 17 வயது வரை கவனித்தார். அவருடைய முடிவு 2009-ம் ஆண்டு வெளிவந்தது. தாமதமாகப் பேசிய பிள்ளைகள் சராசரி நிலையை எட்டிவிட்டனர். ஆனால் சொல்வளத்திலும், கேட்டதை நினைவில் வைப்பதிலும் கூட்டாளிகளைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தனர்.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்டது. பிறர் பேசுவதும் புரிந்தது. பேச்சுதான் வரவில்லை.

உங்கள் குழந்தை எப்படி?

பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறதா?

"செருப்பை எடுத்து வா" என்று சைகை காட்டாமல் சொல்லுங்கள். எடுத்து வருகிறதா?

வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா?

இவற்றில் ஒன்று இல்லை என்றாலும், வந்த பேச்சு நின்றுவிட்டாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், 2 வயதில் பேச்சு வராவிட்டால் காதைச் சோதிப்பது நல்லது. காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு தானாக வராது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டமே.

குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும் குழந்தையோடு பேசுங்கள். அது பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். "ஊமை" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். பேச வராத குழந்தைக்கும் அந்தச் சொல் புரியும்!